உங்களுக்குத் தெரியுமா? அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த மதுரை!

அருங்காட்சியகத்தில் ஒரு சிலை நிற்கிறது. பார்க்கிறோம், நகர்கிறோம். அது அங்கே வந்து நிற்பதற்குள் எத்தனை பேர் "இது வேணும், அது வேண்டாம்" என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள் தெரியுமா? துருவித் துருவித் தேடிப் பிடித்து வந்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்!

மதுரையில் வாங்கிய மண்டபம்!

மதுரைக்கு வருகிறவர்கள் மல்லிகைப்பூ வாங்குவார்கள். சுங்குடிச் சேலை வாங்குவார்கள். 1912-ல் வந்த ஓர் அமெரிக்கப் பெண் என்ன வாங்கினார் தெரியுமா? ஒரு கோவில் மண்டபம்!

பெயர் அடலின் பெப்பர் கிப்சன். சொந்த ஊர் பிலடெல்பியா.   ஊர் சுற்ற வேண்டிய நேரத்தில் கருங்கல் தூண்களை விலை பேசியிருக்கிறார். 

மொத்தம் 60-க்கும் மேற்பட்ட கற்சிற்பங்கள்! எல்லாம் மதனகோபால சுவாமி கோவிலுக்குச் சொந்தமானவை. மண்டபத்தைப் பிரித்து, தனித்தனியாகக் கிடந்த கற்கள். அத்தனையும் கப்பல் ஏறின!

அந்தக் கோவில் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? மேலமாசி வீதியில்தான்! தினமும் அந்த வழியாக வண்டியில் பறக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கேட்டுப் பாருங்கள்!

கற்களுக்கு வயது என்ன? ஏறக்குறைய 450! நாயக்கர் ஆட்சி மதுரையில் காலூன்றிய 16-ஆம் நூற்றாண்டுக் கைவேலை!

அடலின் அதற்குப் பிறகு பிரான்சுக்குப் போனார். முதல் உலகப் போர்க்கால ராணுவ மருத்துவமனையில் தொண்டு செய்யப் போனவர், அங்கேயே இறந்துபோனார். அது 1919. அதே ஆண்டில் அவர் குடும்பத்தார் அவர் நினைவாக மண்டபத்தை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்!

சரி, கற்கள் வந்தாச்சு. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் எந்தத் தூண்? எது கீழே, எது மேலே? தலைவலி அங்கேதான் ஆரம்பம்! நார்மன் பிரவுன் என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் 1930-களில் இந்தியாவுக்கே கிளம்பி வந்துவிட்டார். நம் ஊர் மண்டபங்கள் எப்படி நிற்கின்றன என்று பார்த்துப் படித்துக்கொண்டு போனார்!

1940-ல் மண்டபம் அருங்காட்சியகத்துக்குள் எழுந்து நின்றது. அதே ஆண்டு பிரவுன் ஒரு புத்தகமும் போட்டார். ஒரே ஒரு மண்டபத்துக்கு ஒரு முழுப் புத்தகம்!

அதோடு விட்டார்களா? 2016-ல் டேரியல் மேசன் என்ற காப்பாட்சியர் மண்டபத்தைப் புதிய முறையில் காட்சிக்கு வைத்தார். 2022-ல் அவரும் ஒரு புத்தகம் எழுதினார். மேலமாசி வீதிக் கற்களுக்கு அமெரிக்காவில் இரண்டு புத்தகங்கள்! மதுரையில் இதைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

உச்சக்கட்டத் தகவல் இது. அமெரிக்க அருங்காட்சியகங்களிலேயே இந்தியக் கற்கோவில் மண்டபம் இருப்பது இந்த ஓர் இடத்தில்தான்! காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள். போன கற்களை நினைத்து வயிறு எரிந்தாலும் தப்பில்லை!

சுருங்கிப் போன புதுமண்டபம்!

முழு மண்டபத்தையும் தூக்க முடியாதவர் என்ன செய்வார்? சின்னதாகச் செய்து எடுத்துப் போவார்! மதுரையில் வேலை பார்த்த ஆடம் பிளாக்கடர் என்ற ஆங்கிலேய ராணுவ மருத்துவர், 1780-களிலேயே மீனாட்சியம்மன் கோவில் புதுமண்டபத்துக்கு உலோகத்தில் குட்டி மாதிரி செய்ய வைத்தார். அது இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில்!

தூண் தூணாக ஓவியமும் வரையச் சொன்னார் அந்த டாக்டர். நோயாளிகளைப் பார்க்க எப்போது நேரம் கிடைத்ததோ!

அசல் புதுமண்டபத்தில் எத்தனை தூண்கள்? 124! கட்டியவர் திருமலை நாயக்கர். பத்து நாயக்க மன்னர்கள் அங்கே கல்லில் நிற்கிறார்கள். இவர்களுக்கு நடுவேதான் பல தலைமுறைகளாகத் தையல் மிஷின் கடகடத்தது. ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போனவர்களில் எத்தனை பேர் மன்னரை நிமிர்ந்து பார்த்தார்கள்?

1858. லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் கேமராவோடு மதுரையில் இறங்கினார். மீனாட்சியம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாவற்றையும் படம் பிடித்தார். 2014-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் அவருக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. படம் பிடித்து 156 ஆண்டு கழித்து!

அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டையும் விடவில்லை. 21 படங்களை ஒட்டி ஒரே படமாக்கினார். நீளம்? 19 அடிக்கும் மேல்! மாட்டு வண்டியில் கேமரா போன காலத்தில்!

ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண் இருக்கிறதா? எண்ணிப் பாருங்கள். 985! 1569-ல் அரியநாத முதலியார் கட்டியது. மீனாட்சியம்மன் கோவிலின் கலைக்கூடம் இதற்குள்தான் இருக்கிறது. காட்சிப் பொருட்களை விட அவை இருக்கும் கட்டடம் பெரிய காட்சிப் பொருள்!

உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் நடராஜர்கள் எந்தக் காலைத் தூக்கி ஆடுகிறார்கள்? இடது கால். மதுரை மீனாட்சியம்மன் கோவில் வெள்ளியம்பலத்தில்? வலது கால்! எந்த நாட்டு அருங்காட்சியகம் வரிசை கட்டி நடராஜர்களை நிறுத்தினாலும் நம்மவர் தனியாகத் தெரிவார்!

ரவிவர்மா தெரியும். அவருடைய தாய்மாமன் ராஜராஜ வர்மாவுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவர் யார்? திருவிதாங்கூர் அரண்மனையில் கொடிகட்டிப் பறந்த அழகிரி நாயுடு. அவர் எந்த ஊர்க்காரர்? மதுரை!

அந்த மாமன் கையைப் பிடித்து நடத்திய பிள்ளை 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 ஓவியங்கள் அனுப்பினார். திரும்பி வந்தவை பதக்கங்கள்! விவேகானந்தர் சிகாகோவில் முழங்கிய அதே ஆண்டு!

ஒரு வேட்டியும் 50 லக்ஸும்!

1921 செப்டம்பர் 22. காந்தி மதுரையில் அரையாடைக்கு மாறினார். எந்த வீதியில்? மறுபடியும் மேலமாசி வீதி! ஒரு வீதி, இரண்டு உலக அதிசயம்!

1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியின் ஒரு பகுதி எங்கே இருக்கிறது? டெல்லி என்று நினைத்தீர்களா? மதுரை காந்தி அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பேழைக்குள்!

அந்த அருங்காட்சியகக் கட்டடம் யாருடையது? ராணி மங்கம்மாளின் தமுக்கம் கோடைக்கால அரண்மனை! 1959 ஏப்ரல் 15 அன்று திறந்து வைத்தவர் பிரதமர் நேரு!

அங்கே நினைவுப் பொருட்கள் பகுதியில் இருப்பவை சுமார் 100. காந்தி பயன்படுத்திய அசல் எத்தனை? 14! மற்றவை அச்சு அசலான பிரதிகள். எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லிக் குழந்தைகளோடு பந்தயம் கட்டுங்கள். நீங்கள் தோற்பீர்கள்!

விடுதலைப் போராட்ட வரலாற்றை எத்தனை படங்களில் சொல்லியிருக்கிறார்கள்? 265! நின்று பார்த்தால் கால் வலிக்கும். வலித்தாலும் பாருங்கள்!

காந்தியின் துணி போன்ற பழைய துணியை எவ்வளவு வெளிச்சத்தில் வைக்கலாம்? 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). அவ்வளவுதான்! மதுரை மத்தியான வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். கணக்குப் போடுங்கள். 2,000 மடங்கு!

துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் மூன்றுக்கும் அதே 50 லக்ஸ்தான். எண்ணெய் வண்ண ஓவியத்துக்குக் கொஞ்சம் தாராளம், 200! கல்லுக்கும் வெண்கலத்துக்கும் வெளிச்சத்தால் பயமே இல்லை. "ஏன் இந்த அறை இவ்வளவு இருட்டாக இருக்கு?" என்று இனிமேல் காவலரிடம் சண்டை போடாதீர்கள்!

வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போன சிலை, விமானத்தில் இறங்கியதும் பெட்டியைத் திறப்பார்களா? மாட்டார்கள்! 24 மணி நேரம் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். புது ஊர்க் காற்று அதற்குப் பழக வேண்டுமாம்!

சிலை தனியாகப் போகாது. கூடவே ஒரு அதிகாரி போவார். கிளம்பும்போது எங்கே கீறல், எங்கே விரிசல் என்று ஒரு அறிக்கை. போய்ச் சேர்ந்ததும் அதே கீறலை எண்ணி இன்னொரு அறிக்கை. திரும்பும்போது மறுபடியும்! கல்யாணப் பெண்ணின் நகைப் பட்டியல்கூட இத்தனை முறை சரிபார்க்கப்பட்டதில்லை!

கல்வெட்டைக் கண்காட்சிக்கு எப்படிக் கொண்டு வருவது? மலையைத் தூக்கவா முடியும்? ஈரத் தாளைப் பாறையில் ஒட்டித் தட்டுவார்கள், மேலே மை ஒற்றுவார்கள். மைப்படி தயார். மலை அங்கேயே, எழுத்து இங்கே!

மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. ராபர்ட் சூவல் கண்ணில் பட்டது 1882-ல். ஐராவதம் மகாதேவன் அதில் மன்னன் பெயரைப் படித்துச் சொன்னது 1965-ல். நடுவே 83 ஆண்டு! கல் பேசாமல் காத்திருந்தது!

293-ல் ஒன்று!

கீழடியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? 2013-14-ல் தொல்லியல் துறையினர் வைகைக் கரை நெடுகத் தேடினார்கள். தடயம் கிடைத்த இடங்கள் 293! அதில் குழி தோண்டத் தேர்வான இடம், மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் இருந்த ஒரு தென்னந்தோப்பு!

தமிழக அரசின் நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் வெளியே வந்த பொருட்கள் 5,820! ஒரே பருவத்தில்!

அந்தக் குவியலில் தங்கம் எத்தனை? 7 துண்டு. எழுத்துள்ள பானை ஓடுகள்? 56! எதைக் கண்ணாடிப் பேழையில் முதலில் வைப்பீர்கள்? தங்கத்தையா, ஓட்டையா? என் ஓட்டு ஓட்டுக்குத்தான்!

ஓட்டில் என்ன எழுதியிருக்கிறது? 'ஆதன்'. 'குவிரன்'. மன்னர் பெயரா? இல்லை! தன் பானையில் தன் பெயரைக் கீறிவைத்த சாதாரண ஆட்கள். இன்று அவர்களைப் பார்க்க வரிசையில் நிற்கிறோம்!

கீழடிக் கரித்துண்டு ஒன்று அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் பரிசோதனைக்குப் போனது. வந்த பதில்? கி.மு. 580! ஒரு துண்டுக் கரி தமிழ்நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது!

எலும்புகளையும் விடவில்லை. 70 மாதிரிகள் புனே டெக்கான் கல்லூரிக்குப் போயின. மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் எல்லாம் அதில் இருந்தன!

யானைத் தந்தத்தில் பகடைக்காய் கிடைத்திருக்கிறது. 2,000 ஆண்டுக்கு முன்பே தாயம் உருட்டியிருக்கிறார்கள் மதுரைப் பக்கத்தார். விளையாட்டு மட்டும் மாறவே இல்லை!

ஒன்பதாம் கட்ட அகழாய்வில் வந்தது ஒரு படிக எடைக்கல். எடை 8 கிராம்! ஒரு பவுன் தங்கமும் அதே 8 கிராம். சும்மா ஒரு பொருத்தம்தான், ஆனாலும் சிலிர்க்கிறதா இல்லையா?

கீழடி அருங்காட்சியகம் திறந்தது 2023 மார்ச் 5. பரப்பு சுமார் 31,000 சதுர அடி. செலவு 18 கோடி ரூபாய்க்கும் மேல். தோற்றம்? செட்டிநாட்டு வீடு! முற்றம், தூண், தாழ்வாரம் எல்லாம் உண்டு. மாமனார் வீட்டுக்குப் போகிற மாதிரி நுழையலாம்!

பொருட்களை வயது வரிசையில் அடுக்கவில்லை. வேளாண்மை, நெசவு, கடல் வணிகம் என்று தொழிலும் வாழ்க்கையும் பார்த்து ஆறு பகுதிகளாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பானை எந்தப் பகுதிக்குப் போகும் என்று எத்தனை சண்டை நடந்திருக்கும்!

பக்கத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகள். உள்ளே மண்டை ஓடுகள். 2025-ல் அவற்றில் இரண்டு பேருக்கு முகமே வந்துவிட்டது! செய்தது இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம். அதற்காக மண்டை ஓடுகள் விமானம் ஏறினவா? இல்லவே இல்லை! ஸ்கேன் மட்டும்தான் போனது!

தென்பாண்டி நாட்டின் ஆதிச்சநல்லூர் இன்னும் ஒரு படி மேலே. பொருட்களை எடுத்து மேடையில் வைக்காமல், தோண்டிய குழி மேலேயே கண்ணாடித் தளம் போட்டுவிட்டார்கள். காலடியில் தாழி, மேலே நீங்கள்!

ஆனால் ஆதிச்சநல்லூரில் முதலில் தோண்டிய ஜெர்மானியர் 1876-லேயே பொருட்களை மூட்டை கட்டி பெர்லினுக்குக் கொண்டு போய்விட்டார். நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்!

புலி காட்டிய காப்பாட்சியர்!

சென்னை அருங்காட்சியகம் தொடங்கிய ஆண்டு 1851. முதல் தலைவர் எட்வர்ட் பால்ஃபோர். கூட்டம் சேர்க்க என்ன செய்தார்? உயிருள்ள புலியைக் கொண்டு வந்து வைத்தார்! கூட்டம் அள்ளியது. சென்னை உயிரியல் பூங்கா பிறந்ததே இப்படித்தான்!

மிருகங்கள் தனி இடத்துக்குப் போனதும் ஊர் மக்கள் பெயர் வைத்தார்கள். பூங்கா 'உயிர் காலேஜ்'. அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'! இதைவிடச் சிறந்த விமர்சனம் இன்றுவரை வரவில்லை!

அந்த அருங்காட்சியகத்தின் திருவாலங்காடு நடராஜரைப் பார்த்து மயங்கி எழுதியவர் யார் தெரியுமா? பிரெஞ்சு சிற்பி ரோடின்! நேரில் வந்தாரா? இல்லை. புகைப்படத்தைப் பார்த்தே எழுதினார், 1913-ல்! அச்சில் வந்தது 1921-ல். அப்போது ரோடின் உயிரோடு இல்லை!

தஞ்சாவூர் கலைக்கூடத்தின் சூப்பர் ஸ்டார், திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி. 1011-ஆம் ஆண்டுச் சிலை. ரிஷபத்தின் மேல் கையை ஊன்றி ஒய்யாரமாக நிற்கிறார். ரிஷபம் எங்கே? இல்லவே இல்லை! வெறும் காற்றில் கை. அந்த வெறுமைக்கே உலகம் மயங்குகிறது!

சிவபுரம் நடராஜர் கதை கேளுங்கள். பழுது பார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது போலி! கோவிலில் பூஜை நடந்தது போலிக்கு. கண்டுபிடித்துச் சொன்னது யார்? 1965-ல் வெளியான ஒரு லண்டன் அறிஞரின் புத்தகம்!

அசலை அமெரிக்கக் கோடீஸ்வரர் நார்ட்டன் சைமன் வாங்கிய விலை 9,00,000 டாலர்! நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்க ஏற்பாடும் நடந்தது. இந்தியா ஆட்சேபித்தது. கண்காட்சியே ரத்து! 1980-களில் நடராஜர் ஊர் திரும்பினார்.

பத்தூர் நடராஜர் இன்னும் பலே! 1976-ல் மண்ணுக்குள் கிடைத்தவர், லண்டன் போய்ச் சேர்ந்தார். சுத்தம் செய்ய பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்த இடத்தில் போலீஸ் மடக்கியது. வழக்கில் வாதியாக நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாட்சாத் சிவபெருமான்! ஜெயித்தார். 1991-ல் திரும்பினார்!

ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் கொடுத்த விலை 50 லட்சம் அமெரிக்க டாலர்! 2014 செப்டம்பர் 5-ல் அந்த நாட்டுப் பிரதமரே டெல்லிக்கு வந்து திருப்பிக் கொடுத்தார். 50 லட்சம் டாலர் கோவிந்தா!

இவர்களையெல்லாம் காட்டிக் கொடுத்தது பெரும்பாலும் என்ன? பழைய புகைப்படம்! புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோவில் சிலைகளைப் படம் எடுத்து வைத்தார்கள். ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகம் 1967-ல் ஏலத்தில் எடுத்த திருமங்கை ஆழ்வார் சிலை மாட்டியது 1957-ல் எடுத்த ஒரே ஒரு படத்தால்!

இன்று எந்த அருங்காட்சியகமும் சிலையின் அழகை அப்புறம்தான் பார்க்கும். முதல் கேள்வி: 1970-க்கு முன் எங்கே இருந்தாய்? யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்த ஆண்டு அது. பதில் இல்லையா? வெளியே!

வேண்டாம் என்றவர்களின் வேடிக்கை!

லண்டன் ராயல் அகாடமி 1769-லிருந்து ஒரு வருடம்கூட விடாமல் கோடைக் கண்காட்சி நடத்துகிறது. உலகப் போர் வந்தபோதும் நிற்கவில்லை! தேர்வுக் குழுவினர் களைத்துப் போகாமல் இருக்கக் கொடுப்பது என்ன? மாட்டிறைச்சி ரசம்!

2018-ல் தெரு ஓவியர் பேங்க்ஸி பொய்ப் பெயரில் அங்கே ஒரு படம் அனுப்பினார். நிராகரித்தார்கள்! பிறகு அகாடமியே "ஏதாவது அனுப்புங்களேன்" என்று பேங்க்ஸியைக் கேட்டது. அதே படத்தைக் கொஞ்சம் மாற்றி அனுப்பினார். மாட்டிவிட்டார்கள்!

1863-ல் பாரிஸ் கண்காட்சியின் நடுவர்கள் வந்த படங்களில் மூன்றில் இரண்டு பங்கைத் தள்ளினார்கள். கூச்சல் தாங்காத பேரரசர், தள்ளியதற்கெல்லாம் தனிக் கண்காட்சி வைக்கச் சொன்னார். இன்று கலைப் புத்தகங்கள் பேசுவது தள்ளுபடிக் கண்காட்சியைப் பற்றித்தான்!

1961-ல் நியூயார்க்கில் ஓவியர் மத்தீஸின் படம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. பார்த்தவர்கள் 1,16,000 பேர். கடைசியில் ஒருவர் கேட்ட பிறகுதான் விழித்தார்கள்!

பிரிட்டிஷ் மியூசியத்திடம் இருப்பவை சுமார் 80 லட்சம் பொருட்கள். காட்சியில் இருப்பவை? சுமார் 80,000. நூற்றுக்கு ஒன்று! மீதி 99-ம் பூட்டிய அறையில். நுழைவது அவ்வளவு கஷ்டம்!

தேர்வே இல்லாமல் நுழைந்தவரும் மதுரையில் உண்டு. திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டியபோது வெளியே வந்தவர்தான் முக்குறுணி விநாயகர் என்று ஊரே சொல்லும். தோண்டிய பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளமாம். மனு இல்லை, நடுவர் இல்லை, நேரே கோவிலுக்குள்!

மதுரையில் பிறந்த மனோகர் தேவதாஸ் மீனாட்சியம்மன் கோவிலையும் யானைமலையையும் வைகையையும் பேனா மையில் இழை இழையாக வரைந்தார். என்ன அதிசயம்? பார்வை வருடாவருடம் சுருங்கிக்கொண்டே போகும் விழித்திரை நோய் அவருக்கு! ஊசித் துளை வழியாகப் பார்ப்பது போன்ற பார்வையை வைத்துக்கொண்டு அத்தனை நுணுக்கம்! 2020-ல் பத்மஸ்ரீ. மதுரைக்கென்று ஒரு நிரந்தர ஓவியக்கூடம் அமைத்தால் முதல் சுவர் அவருக்குத்தான். இது என் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது!

வெளிநாட்டுக்கு விற்கவே கூடாது என்று இந்திய அரசு பட்டியல் போட்ட ஓவியர்கள் 9 பேர். ரவிவர்மா உண்டு, தாகூர் குடும்பத்தில் மூன்று பேர் உண்டு. ரஷ்யாவில் பிறந்த ரோரிக்கூட உண்டு! தமிழர் எத்தனை? பூஜ்யம்!

100 வயது தாண்டிய சிலையோ ஓவியமோ சட்டப்படி தொல்பொருள். ஓலைச்சுவடிக்கு 75 வயதே போதும்! உங்கள் பரணில் பாட்டன் காலத்துச் சுவடி கிடக்கிறதா? கரையான் பார்ப்பதற்குள் நீங்கள் பாருங்கள்!

கிணறு வெட்டுகிறீர்களா? வீட்டுக்கு வானம் தோண்டுகிறீர்களா? மண்வெட்டியில் 'ணங்' என்று ஏதாவது பட்டால் கவனம்! 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிடைத்ததன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் என்றால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். ஆமாம், வெறும் 10 ரூபாய்!

மறைத்தால் ஓராண்டு வரை சிறை. சொன்னால்? உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று அதே சட்டம் சொல்கிறது. அரசே அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும்!

எனவே வைகைக் கரையில் மண்வெட்டி பிடிக்கும் புண்ணியவான்களே, கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், பழைய இரும்புக் கடைப் பக்கம் போகாதீர்கள். நேரே கலெக்டர் ஆபீசுக்கு நடையைக் கட்டுங்கள்!